தடையும் உடன் வர வேண்டும்

என் மனைவியின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவன் நான்தான் என்ற விஷயம், அவள் பெயரில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையின் மூன்றாவது பத்தியைப் படித்தபோதுதான் எனக்கே தெரியவந்தது. அதுவரை நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன், வருகிறவர்களுக்குக் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டி அனுப்புகிறவன், வீட்டில் காலை டீ போடுகிறவன் என்று மட்டும்தான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நிர்வாகக் கல்லூரிதான் கண்டுபிடித்துச் சொன்னது.

என் மனைவி ஒரு சலவை ஆலையை நடத்துகிறாள். வீட்டுத் துணி கிடையாது, முழுக்க ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, டாக்டர்களின் அங்கி, ஆபரேஷனின்போது நோயாளி மேல் போர்த்துகிற பச்சைத் துணி, எல்லாம் ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். ஆலைக்கு நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் புறம் அழுக்குப் பக்கம், அந்தப் புறம் சுத்தப் பக்கம். துவைக்கிற இயந்திரங்களைச் சுவரிலேயே பதித்திருப்பார்கள். அழுக்குத் துணி இந்தப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போகும், வெளுத்த துணி அந்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வரும். இந்தப் பக்கத்து ஆளோ காற்றோகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. மீறிப் போக வேண்டுமென்றால் வெளியே சுற்றிக்கொண்டு போய், குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் நுழைய வேண்டும். தொழிலே அந்தச் சுவரை நம்பித்தான் இருக்கிறது என்று அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நடத்துகிறாள் என்றேனே தவிர, அவள் மேலாளர் இல்லை. மேலாளர் அறைக் கதவில் அவள் பெயருக்குக் கீழே 'தற்காலிகப் பொறுப்பாளர்' என்று ஓர் அட்டை தொங்கும். பட்டம் வாங்கிய மேலாளர் ஒருவர் வரும்வரைக்கும்தான் அது. அவர் வந்ததும் அட்டை இறங்கும். வந்தவருக்கு இவள் வேலை கற்றுக் கொடுப்பாள். அவர் பாய்லர் சூட்டையும் அழுக்குப் பக்கத்து வாடையையும் ஒரு கோடைகாலம் தாங்கிவிட்டு, வளர்ச்சியைத் தேடி வேறெங்கோ போய்விடுவார். அட்டை மறுபடி ஏறும். இப்படி ஏற்றி இறக்கி ஆணித் துளை பெரிதாகி, கடைசி முறை மாட்டியபோது அட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ஒரு தடவையாவது அத நேரா மாட்டணுங்க" என்றாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

முதலாளியிடம் கேட்டதற்கு, உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று உருகிவிட்டு, ஆனால் பட்டம் வேண்டுமே என்று முடித்தாராம். அவரே ஆட்சிக்குழுவில் இருக்கிற நிர்வாகக் கல்லூரி ஒன்று உண்டு. வேலை பார்க்கிறவர்களுக்கு வார இறுதியில் வகுப்பு. அங்கே சேர்ந்துவிட்டு வா, சேர்ந்த அன்றைக்கே நிரந்தரம் என்றிருக்கிறார். சேர்வதற்குப் பரீட்சை கிடையாது. கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு: 'என்னை உருவாக்கிய தோல்வியும் நான் கடந்து வந்த தடையும்.'

என் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, குழம்பு கொதிப்பதற்குள் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். "எங்கள் ஆலைக்கு அழுக்குத் துணி வரும். துவைத்து, உலர்த்தி, மடித்து, நேரத்துக்கு அனுப்புகிறோம். துணி இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் காத்திருந்தது இல்லை. இதை இன்னும் நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்ள வருகிறேன்." எனக்கு நன்றாகத்தான் பட்டது. எழுத்து மேல் எனக்கு இருக்கிற மரியாதையெல்லாம் அது தூரத்திலிருந்து தெரிகிறதா, கிட்டத்திலிருந்து தெரிகிறதா என்பதோடு சரி.

கட்டுரையைக் கொடுக்கப் போன இடத்தில், முதலில் கட்டுரைச் செம்மை நிலையத்தில் காட்டச் சொன்னார்கள். அந்த நிலையம் கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாத தனி அமைப்பு. அதற்கும் சேர்க்கை அலுவலகத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். தடுப்புக்கு மேலே ஒரே மின்விசிறி இரண்டு அறைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவரைச் செம்மையாளர் என்று அழைத்தார்கள். அவர் மேஜையில் பேனா இல்லை, மெல்லிய காகிதக் கைக்குட்டைகள் அடுக்கிய பெட்டி ஒன்று இருந்தது. கட்டுரையைப் படித்தபடியே கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டார். படித்து முடித்தபோது அந்தக் கையில் எதுவும் இல்லை.

"ஒண்ணுகூட எடுக்க வரலையேம்மா" என்றார் வருத்தத்தோடு. "நல்ல கட்டுரைன்னா ரெண்டு கைக்குட்டை. இடம் நிச்சயம்னா நாலு. உங்க தோல்வி எங்க?"

தோல்வி எதுவும் இல்லை என்றாள் என் மனைவி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபிரேம் கொஞ்சம் வளைந்திருந்தது, சரிசெய்து தரலாமா என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி முறைத்ததால் அடக்கிக்கொண்டேன். தோல்வி இல்லாத மனிதன் இல்லை, தேடினால் கிடைக்கும் என்று அவர் தைரியம் சொன்னார். பொய் எழுதச் சொல்கிறீர்களா என்று இவள் கேட்டாள்.

"பொய்யா? இந்தக் கல்லூரியில பொய்க்கு எடமே இல்லம்மா. நாங்க கேக்கறது உண்மையத்தான். நடந்தத யாரு கேட்டா?"

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தோல்வி தேடும் படலம் நடந்தது. பரணில் ஏறிப் பார்க்காத குறை. சமையலில் உப்பு கூடியது தோல்வி இல்லை என்று செம்மையாளர் ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தார். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்னக்கா இப்பிடித் தேடுற, மாமாதான் இங்கயே உக்காந்திருக்காரே" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

தடைக்கு ஆள் கிடைத்துவிட்டது, தோல்விதான் பாக்கி என்று போய்ச் சொன்னதும் செம்மையாளர் புது யோசனை கொடுத்தார். இல்லையென்றால் நடத்திவிடலாமே. யாருக்கும் வலிக்காமல், ஆனால் படிக்கிறவர் நெஞ்சு கனக்கிற மாதிரி சின்னதாக ஒன்று. முறைப்படி திட்டமிட்டுத் தோற்பதும் நிர்வாகத் திறமைதான் என்றார். என் மனைவி யோசித்து, இருப்பதிலேயே சிறிய பல் ஆஸ்பத்திரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே அலமாரி நிறைய மாற்றுத் துணி இருப்பது அவளுக்குத் தெரியும். அந்த மூட்டையை மட்டும் இன்றைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது தனக்கு நாக்கு குழறியதாக என்னிடம் பிறகு சொன்னாள்.

டிரைவர் இவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். அக்கா ஏதோ ஞாபகத்தில் சொல்லிவிட்டார் என்று, வீட்டுக்குப் போகிற வழியில் தன் ஸ்கூட்டரிலேயே மூட்டையை வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டது, மிக்க நன்றி என்று பல் டாக்டர் போன் செய்தார். இதையாவது தோல்வியாக எழுதலாமா, தோற்க முயன்று தோற்றுவிட்டேனே என்று இவள் கேட்டதற்கு, செம்மையாளர் பெரிதாகப் பெருமூச்சு விட்டார். நீங்கள் சும்மா இருங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் நான் படித்தேன். "பதினாறு வயதில் ஒரு வெள்ளைத் துணியைக் கண்டேன். அதில் ஒரு கறை இருந்தது. அந்தக் கறை நான்தான்" என்று ஆரம்பித்தது. நடுவில் ஒரு பாய்லர் வெடித்தது. மூன்றாவது பத்தியில் நான் வந்தேன். "ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்த என் கணவர், என் கனவை மட்டும் பார்க்க மறுத்தார். என் புத்தகங்களை அடுப்பில் போட்டார். சாம்பலிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தேன். அதில் 'நிர்வாகம்' என்ற ஒரு சொல் மட்டும் எரியாமல் இருந்தது." எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. ஆனாலும் அந்த இடத்தை நானே இரண்டு தடவை படித்தேன். பாவம் அவள், இப்படி ஒருவனிடம் மாட்டிக்கொண்டாளே என்றிருந்தது.

"இத அனுப்பவா வேணாமா?" என்று கேட்டாள். அனுப்பச் சொன்னேன். அந்த அட்டை நேராக நிற்குமென்றால் நான் எத்தனை புத்தகத்தை வேண்டுமானாலும் எரித்திருக்கத் தயார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கல்லூரி எதையும் சரிபார்க்காமல் நம்புவதில்லை. ஒரு நாள் மாலை கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வீட்டுக்கு வந்து, தான் தடைச் சரிபார்ப்பு அலுவலர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். கட்டுரையில் சொல்லியிருக்கிற தடை உண்மையிலேயே வீட்டில் இருக்கிறதா, நல்ல நிலையில் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வந்திருந்தார். நான் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சைகை காட்ட, சட்டென்று மடித்ததைக் கலைத்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்து, "வழக்கம்போல நீங்க தடுங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றார்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று என்னால் முடிந்த அளவு உரக்கக் கேட்டேன். அதே மூச்சில் அவர் பக்கம் திரும்பி, டீக்குச் சர்க்கரை போடலாமா என்றும் கேட்டுவிட்டேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று அலுவலர் நினைத்திருக்க வேண்டும், மரியாதையாக ஜன்னல் பக்கம் பார்த்தார். அரைச் சர்க்கரை போதும் என்றார். டீயைக் குடித்துவிட்டு, டீ நன்றாக இருப்பது ஒன்றுதான் குறை என்று சொல்லிவிட்டு, 'தடை: நடுத்தரம்' என்று குறித்துக்கொண்டு போனார்.

நடுத்தரத்துக்கும் நேர்காணல் உண்டாம். அழைப்பு வந்தது. அதன் கடைசி வரி, 'தடையும் உடன் வர வேண்டும்.'

நான் நல்ல சட்டையாக எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். தடை இப்படி மடிப்புக் கலையாமல் வந்தால் யார் நம்புவார்கள் என்று அவள் கழற்ற வைத்துவிட்டாள். கல்லூரி வாசலிலேயே எங்களைப் பிரித்தார்கள். விண்ணப்பித்தவர்களுக்குக் குளிரூட்டிய கூடம். எங்களுக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கோர் அட்டை கொடுத்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் 'தடை' என்றிருந்தது. எழுத்து நல்ல கறுப்பு, எவ்வளவு தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

மற்ற தடைகள் நல்ல மனிதர்களாக இருந்தார்கள். ஒருவர், மகனைப் பாட விடாமல் கணக்குப் போட வைத்த அப்பா. மகன் மூன்று வருஷம் அதே வீட்டில் பாடிக்கொண்டிருந்ததாகவும் இவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். இன்னொரு அம்மாள், தங்கையின் வெற்றியைப் பொறுக்காத அக்கா. தங்கைக்காகக் காலையிலேயே எழுந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை எங்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள். தூண் மறைவில் ஒரு முன்னாள் மேலதிகாரி தன் முறைக்காக, கோபப்படுவதைக் கண்ணாடி பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார். நாங்கள் போன் நம்பர் பரிமாறிக்கொண்டோம்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் கல்லூரித் தலைவர், பக்கத்தில் அவருடைய செயலாளர். தலைவர் கட்டுரையை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேய்வதுபோல் நகர்த்திக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் படும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கினார். எனக்கு அதற்குமேல் வேறெதுவும் தோன்றவில்லை, என் தொழில் அப்படி.

"விண்ணப்பத்த நான் ஒவ்வொரு எழுத்தா படிக்கிறவன்" என்று ஆரம்பித்தார் தலைவர். "அந்த மலையில மூச்சு முட்டி நீங்க திரும்பினீங்களேம்மா, அந்த எடம் என்னை உலுக்கிடுச்சு."

மலை தன்னுடையது இல்லை, தனக்கு முன்னால் வந்து போனவருடையது என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"மலை யாருதுங்கறது முக்கியமில்ல. எங்க கல்லூரி தோல்விய மதிக்குது. கொண்டாடுது. எங்க பழைய மாணவர் ஒருத்தர் வரிசையா மூணு கம்பெனிய மூடினார். வேலை போனவங்க வாசல்ல வந்து நின்னாங்க. அவரு கலங்கவே இல்ல. இன்னிக்கு எங்க பாடத்திட்டத்த அவர்தான் வகுக்கறாரு. தோக்கறதுக்குப் பயப்படாத தலைவர்கள உருவாக்கறதுதான் எங்க லட்சியம். சொல்லுங்க, அந்த பாய்லர் வெடிச்ச அன்னிக்கு உங்க மனசு எப்பிடி இருந்துச்சு?"

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். எனக்கு அவளைத் தெரியும், மூட்டையில் ஒரு துணி குறைந்தால் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"வெடிக்கலங்க சார். என் ஆலையில பாய்லர் வெடிக்காது, ஏன்னா நான் பாத்துக்கறேன். இவரு என் புத்தகத்த எரிக்கவும் இல்ல. தோல்வி வேணும்னு சொன்னாங்க, நெஜமாவே தேடிப் பாத்தேன். என் வேலையில நான் தோத்தா, யாரோ ஒருத்தர் ஆபரேஷன் டேபிள்ல படுத்துக்கிட்டுக் காத்திருப்பாரு, போத்தறதுக்குத் துணி இருக்காது. அதனாலதான் சார் நான் தோக்கல."

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தடை கைதட்டலாமா என்று தெரியாததால் உட்கார்ந்திருந்தேன். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தோற்காதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தங்களிடம் ஒன்றுமில்லை, பாடத்திட்டமே தோற்றவர்களை மனதில் வைத்து அமைத்தது என்று உண்மையான அக்கறையோடு விளக்கினார். விளக்கிவிட்டுக் கட்டுரையை மூடி, இல்லாத இடத்தில் பேனாவைத் துழாவினார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், ரெண்டு கண்ணுலயும் புரை முத்தின மாதிரி தெரியுது. தள்ளிப்போடாம நல்ல ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

தலைவர் குரல் வந்த பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரது?"

"நான் தடை சார்" என்றேன். தடை பேசுவதற்கு விதியில் இடமில்லை என்று செயலாளர் என்னை அடக்கினார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்துவிட்டது. போதிய தோல்வி இல்லை, தடையும் பலவீனம். அதைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக நீங்கள் தடுத்திருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. அடுப்படியில் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் தேய்த்தாள். எனக்கு அந்தக் கல்லூரியைக் கற்களோடு பெயர்த்துப் போட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த மாதம் ஆலைக்குப் புது மேலாளர் வந்தார். அதே கல்லூரிதான். அவருடைய கட்டுரைக்கு ஆறு கைக்குட்டை செலவானதாகச் சொல்லிக்கொண்டார்கள். அட்டை இறங்கியது. அவர் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தான் படித்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, நடுச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றாராம். ஒரே குடும்பமாக இருக்க வேண்டிய ஊழியர்களைப் பிரித்து வைத்திருப்பது எது? இந்தத் தடைதான். உடனே கொத்தனாரை வரவழைத்து, சுவரில் ஆள் போகிற அளவுக்கு ஒரு வழி திறக்கச் சொல்லிவிட்டார்.

என் மனைவி குறுக்கே நின்றாள். அழுக்குப் பக்கத்துக் காற்று சுத்தப் பக்கம் வந்தால் துவைத்ததற்கே அர்த்தமில்லை, நோயாளிகளின் புண்ணில் படுகிற துணி இது என்று எடுத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மாற்றம் வரும்போது பழைய ஊழியர்களுக்குப் பயம் வருவது இயல்பு என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார். வழி திறந்தது. இரண்டு பக்கத்து ஊழியர்களும் கைகுலுக்க, போட்டோ எடுத்தார்கள்.

போட்டோவைப் பெருமையாக எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அவரே அனுப்பி வைத்தார். அதைப் பார்த்த தலைமை நர்ஸ் ஒருவர் அன்றே நேரில் வந்து, சுவரிலிருந்த ஓட்டையையும் மடித்து வைத்த துணிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு துணிகூடத் தொட மாட்டோம் என்று சொல்லிப் போய்விட்டார். மற்ற ஆஸ்பத்திரிகளும் மூட்டைகளைத் திருப்பி அனுப்பின. ஊர் முழுக்க ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. புது மேலாளர் அறையைச் சாத்திக்கொண்டு, இதிலிருந்து தான் கற்றதை எழுத உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவி அன்று வீட்டுக்கு வரவே இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை அடைக்கச் சொன்னாள். சுத்தப் பக்கத்தைத் தரையிலிருந்து கூரைவரை கழுவி, அத்தனை துணியையும் மறுபடி துவைக்க வைத்தாள். நான் சாப்பாடு கொண்டுபோனபோது வாசலில் வந்து வாங்கிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. இவர்களுக்காக நீ எதற்கு உயிரை விடுகிறாய், ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார், தன்னால் அட்டை வரும் என்று எரிச்சலாகச் சொன்னேன்.

"படுத்துக் காத்திருக்கறவங்க என்னங்க பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்படிப்பட்டவளைத் தற்காலிகமாகவே வைத்துக்கொள்வது எவ்வளவு வசதி என்று எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

துணி போக ஆரம்பித்ததும் கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. 'நான் தோற்ற நாள்' என்ற தலைப்பில் புது மேலாளர் உரையாற்றுகிறார். அவர் கடந்து வந்த தடை என்ற முறையில் என் மனைவியையும் அழைத்திருந்தார்கள். அவளுக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். என்னுடையதை நான் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு போயிருந்தேன், கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மேலாளர் நன்றாகப் பேசினார். ஆஸ்பத்திரிகள் துணியின்றித் தவித்ததைச் சொன்னபோது முன்வரிசையில் செம்மையாளர் பெட்டியோடு அழுதுகொண்டிருந்தார். தோற்ற அந்தக் கணத்தில் தான் ஒரு தலைவனாகப் பிறந்ததாக மேலாளர் முடித்தார். கூடமே எழுந்து கைதட்டியது. கல்லூரித் தலைவர்தான் கடைசிவரை தட்டினார். இப்படி ஒரு தோல்வியைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை, இந்தக் கல்லூரியின் மகுடம் இது என்றார். பிறகு பெருந்தன்மையோடு, தடையும் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று அனுமதித்தார்.

என் மனைவி எழுந்தாள். கழுத்து அட்டையைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். "எனக்குப் பேசத் தெரியாதுங்க. தலைவர் சாருக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லணும். நாளைக்குக் காலையில கண் ஆஸ்பத்திரியில உங்க ஆபரேஷன்னு, துணிக்கு அவங்க அனுப்பின பட்டியல்ல பாத்தேன். துணி மத்தியானமே அனுப்பிட்டேன் சார். தைரியமாப் போங்க."

தலைவர் கைதட்டுவதற்காகத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார். "போன தடவை கண்ணுல மருந்தெல்லாம் விட்டுப் படுக்க வெச்சு, துணி இல்லன்னு எழுப்பி அனுப்பிட்டாங்களே. ராத்திரி பூரா தூக்கமில்லாம போய்ப் படுத்தேன்" என்றார். அவர் குரல் சின்னதாகியிருந்தது. "அது ஏன்?"

"அதுதான் சார் என் தோல்வி" என்றார் மேலாளர், மலர்ந்த முகத்தோடு.

ஒருவர் இருமினார். செம்மையாளர் எடுத்த கைக்குட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். தலைவர் மேடையைத் தடவி, நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். நாளைக்குத் துணி நிச்சயமாக வந்துவிடுமா என்று கேட்டார். வரும் என்றாள். அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கு? அதற்கும் வரும் என்றாள்.

"அதுக்கெல்லாம் யாரும்மா பொறுப்பு?"

"நான்தான் சார். தற்காலிகமா."

தலைவர் ஆட்சிக்குழு வரிசைப் பக்கமாகத் திரும்பி, ஆலை முதலாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று குத்துமதிப்பாகப் பார்த்து, "என் ரெண்டு கண்ணும் முடியறவரைக்குமாவது இவங்கள நிரந்தரமாக்கி வைய்யா" என்றார். முதலாளி எழுந்து, பட்டம் இல்லையே, நாம் வகுத்த விதிதானே என்று இழுத்தார். பட்டம்தானே, தானே தந்துவிடுவதாகத் தலைவர் சொன்னார். கட்டுரைகூட வேண்டாம் என்றார்.

"பட்டம் வேணாம் சார்" என்றாள் என் மனைவி. "அட்டை போதும்."

மறுநாள் 'மேலாளர்' என்று புது அட்டை வந்தது. பழைய துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, வேறு இடத்தில் ஆணி அடித்து, அவளே மாட்டினாள். ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள், நேராகத்தான் நின்றது. என்னையும் பின்னால் வந்து பார்க்கச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். மேலாளராக இருந்தவரைக் கல்லூரியே தோல்வித் துறைக்குப் பேராசிரியராக எடுத்துக்கொண்டது.

இரண்டாவது கண்ணும் முடிந்த பிறகு கல்லூரித் தலைவர் புதுக் கண்ணாடிக்காக எங்கள் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டேன். எதிர்ச் சுவரில் இருந்த பலகையைக் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். குழந்தைபோலச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் குரல எங்கயோ கேட்டிருக்கேனே. யாரு நீங்க?"

"நான்தான் சார், தடை" என்றேன்.